கொம்பன் தலை கவிழ்ந்த இடம்

ஜப்பான் தேசத்தில் வாள் பிடித்தவர்கள் நாடாண்ட காலம். மலைகளுக்கு நடுவே கசெடானி என்றொரு சிறு நாடு இருந்தது. அதை ஆண்ட ஷிகெஹாரு பிரபுவிடம் ஒரு தலைக்கவசம் இருந்தது. அதன் நெற்றியில் பொன்முலாம் பூசிய இரண்டு மான்கொம்புகள் விரிந்து நிற்கும். அதனால் எல்லாரும் அதைக் கொம்பன் என்றே கூப்பிட்டார்கள்.

பெயருக்கேற்ற திமிர் அதற்கு இருந்தது. இல்லாமலா இருக்கும்? அறுபத்திரண்டு இரும்புத் தகடுகளை ஆணியடித்துச் சேர்த்து, கறுப்பு அரக்குப் பூசி, ஓராண்டு பாடுபட்டுச் செய்த தலைக்கவசம் அது. உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை, துளையைச் சுற்றி ஒரு தங்கப் பூ. அந்தத் துளை வழியாகத்தான் போர்த்தெய்வம் இறங்கி வந்து, அணிந்தவன் தலையில் உட்காரும் என்று அந்த நாட்டார் நம்பினார்கள்.

தெய்வம் நுழைகிற வாசலில் அம்பும் நுழையும் அல்லவா? களத்தில் தலை குனிந்தால் எதிரியின் அம்பு நேரே அந்தத் துளைக்குள் இறங்கிவிடும். அதனால் தலைக்கவசம் பூண்டவன் குனியக் கூடாது. பெரிய இடத்துத் தூதரே வந்தாலும் நின்றபடிதான் வணங்குவான். அதில் யாரும் குற்றம் காண மாட்டார்கள். கொம்பன் பிறந்த நாளிலிருந்து ஒரு முறைகூடத் தன் உச்சியை எவருக்கும் காட்டியதில்லை.

"மூணு போர். நாற்பத்தொரு தலை. ஒரு தடவைகூடக் குனிஞ்சதில்லை."

ஆயுத அறையில் தினமும் காலையில் இதைச் சொல்லித்தான் கொம்பன் பொழுதைத் தொடங்கும். கேட்பதற்கு இரண்டு பேர். ஒன்று, அதிகம் பேசாத நெடுவாள். இன்னொன்று, மூலையில் ஆணியில் தொங்கிய ஓர் இரும்புத் தொப்பி.

இந்த இரும்புத் தொப்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். காலாட்படை வீரர்கள் தலையில் போட்டுக்கொள்வது அது. போர் ஓய்ந்ததும் அதையே கவிழ்த்து அடுப்பில் வைத்துச் சோறு பொங்குவார்கள். மூன்றாவது போர் முடிந்த சாயங்காலம் பிரபு இந்தத் தொப்பியில் பொங்கிய சோற்றைத்தான் தின்றார். தொப்பிக்குரிய வீரன் அந்தச் சோற்றைத் தின்ன உயிரோடு இல்லை. அதனால் பிரபு அதைக் கையோடு எடுத்து வந்து தன் ஆயுதங்களோடு மாட்டி வைத்தார். அடியெல்லாம் கரி.

"அண்ணே, மூணாவது போர்ல நானும் இருந்தேன்" என்று தொப்பி ஒருநாள் மெல்லச் சொன்னது.

"எங்கே இருந்தே?"

"முதல்ல தலை மேல. அப்புறம் அடுப்பு மேல."

"வெட்கமா இல்லை உனக்கு? தலையில இருந்தவன் தலைகீழாக் கிடந்து வெந்திருக்கே."

"கவுத்தா சட்டி, நிமித்தினா தொப்பி. எப்படி வெச்சாலும் நான்தானே அண்ணே" என்றது தொப்பி. "உங்களுக்குன்னா கொம்பு முளைச்சிருக்கு. எனக்கு என்ன?"

நெடுவாள் உறைக்குள் சிரித்தது. கொம்பனுக்கு அது பிடிக்கவில்லை.

அதற்குப் பிடிக்காதது வேறொன்றும் இருந்தது. மூன்றாவது போருக்குப் பிறகுதான், அதுவரை போர்த்தலைவராக மட்டும் இருந்த ஷிகெஹாருவை மேலிடத்தார் அந்த நாட்டுக்கே ஆளுநராக்கினார்கள். ஏழு வருடமாகப் போர் இல்லை. பத்தொன்பது வயதில் கொம்பனை அணிந்து குதிரை ஏறிய மனிதர் இப்போது வைக்கோல் செருப்பு மாட்டிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாக நடந்தார். கரை உடைந்த இடத்தில் நின்றார். வரப்புத் தகராறு கேட்டார்.

"சிங்கம் மாதிரி இருந்த ஆளைத் தவளை பிடிக்க விட்டுட்டாங்க" என்று கொம்பன் புலம்பியது. உண்மையில் அதற்கு மனசு வலித்தது. தான் இனி வெறும் அலங்காரப் பொருள்தானோ என்ற பயம் அதன் ஒவ்வொரு ஆணியிலும் இருந்தது.

எட்டாவது வருடம் வானம் கைவிட்டது. நாற்று நட்டதோடு மழை நின்றுபோனது.

கசெடானியில் ஓர் ஏரி, ஒரு மடை, அந்த மடையை நம்பி இரண்டு ஊர்கள். மேல்மடை, கீழ்மடை என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது வழக்கம். முறைக்கு அளவு ஊதுவத்தி. மேல்மடையின் வத்தி எரிந்து தீரும்வரை தண்ணீர் மேல்மடைக்கு. பிறகு மடையைத் திருப்பி, கீழ்மடையின் வத்தி தீரும்வரை கீழ்மடைக்கு. சாமிக்கு ஏற்றுகிற பொருள் பொய் சொல்லாது என்று தாத்தன் காலத்தில் வைத்த ஏற்பாடு.

வத்தி பொய் சொல்லாதுதான். ஆனால் அவரவர் வத்தியை அவரவர் ஊரிலேயே உருட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்களே, அங்கேதான் கோளாறு. முதல் வாரம் மேல்மடையின் வத்தி ஒரு நூல் பருத்தது. அடுத்த வாரம் கீழ்மடையின் வத்தி இரண்டு நூல் பருத்தது. மூன்றாம் வாரம் இரண்டு ஊரும் கட்டைவிரல் பருமனில் வத்தி கொண்டுவந்தன. ஐந்தாம் வாரம் வந்ததை வத்தி என்று சொல்ல முடியாது, உலக்கை என்றுதான் சொல்ல வேண்டும். மேல்மடைக்காரர்கள் தங்கள் உலக்கையை ஈரத்துணியால் துடைத்து ஏற்றினார்கள். கீழ்மடைக்காரன் ஒருவன் சீக்கிரம் எரியட்டும் என்று அதை விசிறினான். அவன் மண்டை உடைந்தது.

மறுநாள் காலை இரண்டு ஊரும் மண்வெட்டியோடும் மூங்கில் ஈட்டியோடும் மடைக்கு வரப்போகின்றன என்று செய்தி வந்தது. படைத்தலைவர் கத்சுமொரி ஓடி வந்தார்.

"பிரபு, ஐம்பது குதிரை போதும். பொழுது சாய்றதுக்குள்ள அடக்கிடலாம்."

ஷிகெஹாரு சொன்னார்: "குதிரைகள் வரட்டும். ஆனா நான் சொல்லாம ஒரு வாளும் உறையைவிட்டு வரக்கூடாது. என் கவசத்தை எடுத்து வை."

ஆயுத அறையில் கொம்பன் துள்ளாத குறை.

போருக்குப் புறப்படுகிறவன் தலைக்கவசத்துக்குள் நறும்புகை பிடிப்பது அவர்கள் வழக்கம். தலை போனாலும் போகலாம், போகிற தலை எதிரியின் கையில் நாறக் கூடாது என்பது அவர்கள் மானம். விடியற்காலையில் கொம்பனுக்கு அடியில் ஒரு சின்ன வத்தியை ஏற்றி வைத்தார்கள்.

"உன் இனத்தாலதானே இவ்வளவு சண்டை?" என்று கொம்பன் அதைச் சீண்டியது.

"நான் என்ன செய்வேன்? பருத்தது நான், உருட்டினது அவங்க கை" என்றது வத்தி. "யாருமே என்னை நம்பலை. ஆளாளுக்குத் தங்களோட வத்தியைத்தான் நம்பினாங்க." அவ்வளவு சொல்லிவிட்டுச் சாம்பலாக உதிர்ந்தது.

"எனக்கு இது சரியாப் படலை" என்று நெடுவாள் அன்றைக்குத்தான் வாய் திறந்தது. "கதிர் அறுக்கிற கையை வெட்டி என்ன பேர் வாங்கப் போறோம்?"

"எதிரி யாராயிருந்தா என்ன? போர் போர்தான்" என்றது கொம்பன். "நாலாவது போர்!"

அது சொல்லும்போதே அதன் குரலில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. அதைக் கொம்பனும் கவனித்தது, கவனிக்காததுபோல இருந்துவிட்டது.

மடை மேட்டில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே நின்றன. ஷிகெஹாரு முழுக் கவசத்தில் குதிரையிலிருந்து இறங்கி நடுவில் வந்தார். வெயிலில் கொம்புகள் பளபளத்தன. ஜனங்கள் மண்ணில் விழுந்து வணங்கினார்கள். ஆனால் கையிலிருந்த ஈட்டியை ஒருவரும் கீழே போடவில்லை. பின்னால் ஐம்பது பேர் வாள் பிடியில் கை வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு மண்வெட்டி உயர்ந்தால் போதும், வாய்க்காலில் தண்ணீருக்குப் பதில் வேறொன்று ஓடும்.

"எழுந்திருங்க" என்றார் பிரபு. "வத்தி வேண்டாம். வேற அளவு வெச்சுக்கலாம். கோயில் மணியடிச்சு முறை சொல்லட்டுமா?"

மேல்மடையின் ஊர்த்தலைவர் கென்பெய் எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்த, கோபக்கார மனிதர். "கோயில் கீழ்மடையில இருக்கு பிரபு. மணி அவங்களுக்குச் சாதகமாத்தான் அடிக்கும்."

"என் எழுத்தர் நிழலை அளந்து சொல்லட்டும்."

கீழ்மடையின் பக்கமிருந்து ஷினோ என்ற விதவைப் பெண் எழுந்தாள். இரண்டு வயல்களைத் தனியாக உழுகிறவள். "உங்க எழுத்தர் மேல்மடையில பொண்ணு எடுத்தவரு பிரபு. மாமனார் வயலுக்கு நிழல் நீண்டுக்கும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ திட்டினார்கள். ஓர் ஈட்டி உயர்ந்து தாழ்ந்தது. கத்சுமொரியின் கை இறுகியது.

"அப்படின்னா எதைத்தான் நம்புவீங்க?" பிரபுவின் குரலில் முதல் முறையாகக் களைப்புத் தெரிந்தது.

ஷினோ கையை நீட்டினாள். அவள் விரல் பிரபுவின் முகத்தைக் காட்டவில்லை, அதற்கு மேலே காட்டியது.

"அதைத்தான் பிரபு. எட்டு வருஷத்துக்கு முன்னே கணவாய் வழியா எதிரி வந்தப்போ நாங்க ரெண்டு ஊரும் மூட்டை முடிச்சோட ஓடினோம். திரும்பிப் பார்த்தா இதே மேட்டுல அந்தக் கொம்பு ரெண்டும் தெரிஞ்சுது. மத்தியானம் வரைக்கும் பார்த்தோம். திரும்பலை, தாழலை. அதைப் பார்த்துத்தான் நாங்க ஓட்டத்தை நிறுத்தினோம். எங்களுக்குத் தெரிஞ்சு பொய் சொல்லாதது அது ஒண்ணுதான்."

கென்பெய் எதிர்த்துப் பேச வாயெடுத்தார். ஆனால் அவரும் அன்றைக்கு ஓடியவர். "அது உண்மைதான்" என்று முணுமுணுத்தார்.

கொம்பனுக்குத் தகடு தகடாகச் சிலிர்த்தது. நாற்பத்தொரு தலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது அப்போது அதற்குத் தோன்றவே இல்லை.

ஷிகெஹாரு தாடைக் கயிற்றை அவிழ்த்தார். கொம்பனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். உச்சித் துளையைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்தது.

"ஒரு பெரிய மரத்தொட்டி கொண்டாங்க. நிறையத் தண்ணி ஊத்துங்க" என்றார்.

பிறகு நடந்ததைக் கொம்பன் வாழ்நாளில் மறக்கவில்லை. பிரபு அதன் கொம்புகளை உருவி ஷினோவின் கையில் கொடுத்தார். கழுத்து மறைப்பைக் கழற்றிக் கென்பெய்யின் கையில் கொடுத்தார். மூங்கில் துண்டொன்றைச் சீவி, ஊசி நுழையும் அளவுக்குத் துளையிட்டு, உச்சித் துளையில் இறுக்கிச் செருகினார். பிறகு கொம்பனைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"பிரபு!" என்று கத்சுமொரி அலறிவிட்டார். "போர்த்தெய்வத்தோட வாசல் அது!"

"தெரியும்" என்றார் பிரபு. "தெய்வம் உள்ளே வரட்டும்னுதான் திறந்து வைக்கிறேன்."

தொட்டித் தண்ணீரின் மேல் கொம்பன் மிதந்தது. உச்சி கீழே, வாய் மேலே, ஒரு சோற்றுச் சட்டியைப்போல. துளை வழியாகத் தண்ணீர் நூலிழையாக உள்ளே ஏறத் தொடங்கியது.

"இது நிறைஞ்சு மூழ்கி அடி தட்டினா ஒரு தரம்" என்றார் பிரபு. "பத்துத் தரம் மேல்மடைக்கு, பத்துத் தரம் கீழ்மடைக்கு. தினமும். மழை வர்ற வரைக்கும்."

கொம்பனுக்கு அவமானத்தில் உள்ளெல்லாம் எரிந்தது. இதே மேட்டில் அம்பு மழையில் நிமிர்ந்து நின்ற தலை, இன்று இத்தனை பேர் பார்க்கத் தலைகீழாகத் தண்ணீரில் மிதந்தது. மூழ்க மாட்டேன் என்று நினைத்தது. அதனால் முடியாததில்லை. கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், விளிம்பு வழியாகத் தண்ணீர் மளமளவென்று புகுந்து அளவு கெட்டுவிடும். "பார்த்தாயா, இதுவும் பொய்" என்று கூட்டம் கத்தும். வாள்கள் வெளியே வரும். போர் வரும். அது ஏழு வருடமாகக் கேட்டதும் அதைத்தானே?

கொம்பன் மெல்லச் சாயத் தொடங்கியது.

அப்போது தண்ணீருக்கு மேலே ஒரு முகம் தெரிந்தது. ஷிகெஹாரு தொட்டியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கவசம் பூண்ட உடம்போடு, வெறுந்தலையோடு, மண்ணில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த உச்சி இரண்டு ஊருக்கும் தெரிந்தது. யாராவது ஓர் ஈட்டியை எறிந்தால் அதோடு முடிந்தது. அவருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் குனிந்திருந்தார்.

கொம்பன் திகைத்தது. 'நான் காத்த தலையே குனிஞ்சிருக்கு. இனிமே நான் நிமிர்ந்து யாரைக் காக்க?'

எப்படி வைத்தாலும் நான்தானே என்று சொன்ன அந்தக் கரித்தொப்பியின் நினைவு வந்தது. கொம்பன் தன்னை நேராக்கிக்கொண்டது. இம்மியும் சாயாமல், களத்தில் நின்ற அதே உறுதியோடு, தண்ணீரை உள்ளே வாங்கியது. விளிம்புவரை நிறைந்தது. பிறகு தானாக, நிதானமாக, மூழ்கியது.

டங் என்று அடி தட்டிய ஓசை கேட்டது.

கென்பெய் ஜெபமாலையை உருட்டித் தன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை அவர். "இன்னொரு தடவை" என்றார். பிரபு எடுத்து மிதக்க விட்டார். டங். "இன்னொரு தடவை." டங்.

மூன்று தடவையும் மூச்சுக் கணக்கு ஒரே எண்ணில் வந்து நின்றது. கென்பெய் கையிலிருந்த ஈட்டியைப் பார்த்தார், யாரோ அவர் கையில் திணித்துவிட்டுப் போனதைப்போல. அதைக் கீழே வைத்தார்.

"கீழ்மடைப் பயிர்தான் அதிகம் வாடியிருக்கு" என்றார் தரையைப் பார்த்தபடி. "முதல் பத்து அவங்களுக்கே போகட்டும்."

ஷினோ கொம்புகள் இரண்டையும் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மழை வர நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளும் கொம்பன் மடையிலேயே கிடந்தது. தினமும் இரண்டு ஊரிலிருந்தும் இரண்டு பேர் தொட்டியின் இரு பக்கமும் உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் வாரம் ஒருவரையொருவர் முறைத்தார்கள். இரண்டாம் வாரம் புகையிலை இல்லாக் குறைக்கு வைக்கோலைக் கடித்துக்கொண்டு பயிரைப் பற்றிப் பேசினார்கள். ஐந்தாம் வாரம் மேல்மடைக்காரன் தூங்கிப்போனால் கீழ்மடைக்காரன் அவனுக்கும் சேர்த்து எண்ணினான்.

இரண்டு ஊரிலும் அரை விளைச்சல்தான். ஆனால் இரண்டு ஊரிலும் ஒருவர்கூடச் சாகவில்லை.

கொம்பன் ஆயுத அறைக்குத் திரும்பியபோது அரக்கு உரிந்திருந்தது. உள்ளே துரு. விளிம்பைச் சுற்றி வெள்ளையாகத் தண்ணீர்க் கறை.

"புதுசா அரக்குப் பூசிடலாம் பிரபு" என்றார் கத்சுமொரி.

"துருவைத் துடை. கொம்பை மாட்டு. கறையைத் தொடாதே" என்றார் ஷிகெஹாரு. "மூணு போர்ல வாங்கின தழும்பை அழிச்சோமா?"

அதன்பிறகு காலை நேரத்தில் கொம்பன் ஒன்றும் சொல்லவில்லை. இரும்புத் தொப்பிக்கு அது அதிசயமாக இருந்தது. கேட்க வாயெடுக்கும், விட்டுவிடும். ஒருநாள் கொம்பனே கேட்டது: "அடுப்பு மேல இருந்தப்போ ரொம்பச் சுட்டதா?"

"சுட்டதுதான் அண்ணே. ஆனா அன்னிக்கு எல்லாரும் பசியா இருந்தாங்க."

வருடங்கள் போயின. ஷிகெஹாரு தலை மழித்து, பதவியை மகனிடம் கொடுத்து, ஏரிக்கரையில் ஒரு குடிசையில் வாழ்ந்து காலமானார். இறுதி ஊர்வலத்தில் கொம்பன் முன்னே போனது. வழியெங்கும் இரண்டு ஊர் ஜனங்களும் கலந்து நின்றார்கள். யார் மேல்மடை, யார் கீழ்மடை என்று கொம்பனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மகனுக்குப் புதிய தலைக்கவசம் வந்தது. நெற்றியில் வெள்ளிப் பிறை, அரக்கு வாசனைகூடப் போகவில்லை. வந்து உட்கார்ந்ததுமே பக்கத்திலிருந்ததை மேலும் கீழும் பார்த்தது.

"கறையும் கிறையுமா இருக்கீங்க. நீங்க எத்தனை போர் பார்த்திருக்கீங்க?"

மூலையில் இரும்புத் தொப்பி காதைத் தீட்டிக்கொண்டது. நெடுவாள் உறைக்குள் அசைந்தது. பல வருடமாகக் கேட்காத அந்தப் பழைய வாக்கியத்துக்காக இரண்டும் காத்திருந்தன.

"நாலு" என்றது கொம்பன்.

"அடேயப்பா! கடைசிப் போர் பெரிசோ? எத்தனை தலை விழுந்துது?"

கொம்பன் தன் இரண்டு கொம்புகளையும் நன்றாக நிமிர்த்திக்கொண்டது.

"ஒரே ஒரு தலை. என்னோடது. எண்ணூறு தடவை."